மூன்றாவது கடைக்கு என்ன பெயர்?

பதிவு கொஞ்சம் நீளம். ஹோட்டல் வைத்திருப்பவர்கள், ஹோட்டலில் வேலை செய்பவர்கள், அதில் சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் இதில் ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறோம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் இஷா முடிந்து வெளியே வரும்போது நம் பகுதியில் இரண்டு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் நம்மை நிறுத்தினார். மூன்றாவது கடையைத் தெஹிவளைப் பக்கம் திறக்கப் போகிறார். இடம் பேசி முற்பணமும் கொடுத்தாயிற்று. தடங்கல் பெயரில்தான். மூன்று கடைக்கும் ஒரே பெயர், ஒரே நிறப் பலகை, ஒரே மெனு என்று மகன்மார் இருவரும் பிடிவாதம். நானாவுக்கு அது பிடிக்கவில்லை. இப்போதுள்ள இரண்டு கடையும் வெவ்வேறு பெயரில்தான் நடக்கின்றன.

"ஒண்டுக்கு ஏதாச்சும் நடந்தா மத்தது மிஞ்சோணும் சேர். நீங்க வரலாறு படிப்பிக்கிற ஆள். சொல்லுங்க, நான் சொல்றது பிழையா?"

நின்ற நிலையில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று இரவு யோசித்தோம். அந்த யோசனைதான் இந்தப் பதிவு.

முதலில் நானாவின் பக்கம். அவர் பயப்படுவது வீண் பயம் அல்ல. ஒரே பெயரில் பல கடை நடத்துவதில் உள்ள பெரிய ஆபத்தே அதுதான். 1993இல் அமெரிக்காவில் ஜாக் இன் த பொக்ஸ் என்ற பர்கர்க் கடைகளில் விற்ற இறைச்சியில் ஈ.கோலி கிருமி இருந்தது. மாநிலச் சட்டம் கேட்ட சூட்டைவிடக் குறைந்த சூட்டில் அதை வேகவைத்திருந்தார்கள். 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நான்கு பிள்ளைகள் இறந்து போனார்கள். நோய் 73 கிளைகளோடு தொடர்புபட்டிருந்தது. ஒரே இடத்திலிருந்து இறைச்சி வாங்கி எல்லாக் கிளைக்கும் அனுப்புவதுதான் அந்த வியாபாரத்தின் பலம். பழுதும் அதே லொறியில் ஏறி எல்லாக் கிளைக்கும் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மெக்டொனால்ட்ஸ் 1998இல் இலங்கைக்கு வந்தது. 2024 மார்ச்சில் ஒரே நாளில் 12 கடையும் மூடப்பட்டன. உள்ளூர்ப் பங்காளி தரம் பேணவில்லை என்று சொல்லித் தாய் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. காஸாவுக்கான பகிஷ்கரிப்பு வென்றுவிட்டது என்று அன்று நம்மில் பலர் பதிவு போட்டோம். தாய் நிறுவனம் சொன்ன காரணம் வேறு. எப்படியோ, பன்னிரண்டு கடையிலும் வேலை செய்த பிள்ளைகளுக்கு முடிவு ஒன்றுதான். எந்தக் கிளை சுத்தம், எந்தக் கிளை அழுக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பெயர் போனதும் எல்லாம் போயிற்று.

ஆக, ஒரு கடை விழுந்தால் மற்றது மிஞ்ச வேண்டும் என்றால் பெயரைப் பிரித்து வை என்று நானா சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் அந்தக் கணக்கு நம் ஊரில், நம் கடைகளுக்கு எப்போதாவது பலித்திருக்கிறதா? வரலாற்றைப் புரட்டினால் நமக்கு வேறு பதில் கிடைக்கிறது.

1915ஐ எடுப்போம். கண்டியில் மே 28 தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை ஓடிய சிங்கள முஸ்லிம் கலவரம். 4,000க்கும் மேற்பட்ட கடைகள் கொள்ளை போயின, பள்ளிவாசல்கள் சேதமாயின, உயிர்களும் போயின. மத ஊர்வலத் தகராறுதான் காரணம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடியும். வகுப்பில் நாம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வோம். அது முதலாம் உலகப் போர்க் காலம், அரிசி, துணி விலை ஏறியிருந்தது. கடனுக்குச் சாமான் கொடுத்து, பிறகு கடனைக் கேட்ட கடைக்காரன் மேல் ஜனங்களுக்குக் கோபம் இருந்தது. கொழும்பில் கலவரத்தில் முன்நின்றவர்களில் ரயில்வே வேலைத்தளத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அந்த வேலைத்தளம் பிற்பாடுதான் இரத்மலானைக்குப் போனது. அன்று அது இருந்தது இங்கே, நம் மருதானையில். கடைக்காரரும், கடன் வாங்கியவரும், கல் எறிந்தவரும் ஒரே தெருவில் நடமாடியவர்கள்.

இதில் நானாவின் கேள்விக்கு நேரடியாகப் படுகிற இடம் ஒன்று இருக்கிறது. அன்றைய கோபம் பெரும்பாலும் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த வியாபாரிகள் மேல். சம்மான்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்த இலங்கைச் சோனகர் தங்களை வேறு ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள். உடுப்பு, ஊர், தொழில், பேச்சு எல்லாம் வேறு. ஆனால் கூட்டம் வந்தபோது சோனகரின் கடைக்கும் அடி விழுந்தது. "நான் வேறு" என்பது கடைக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். வெளியே இருந்து வருகிறவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.

1983 ஜூலையும் அப்படித்தான். அது நமக்கு நடந்ததல்ல, நம் கண்முன் நடந்தது. மருதானை, புறக்கோட்டை, வெள்ளவத்தை எங்கும் தமிழருடைய சைவக் கடைகளும் துணிக்கடைகளும் எரிந்தன. நம் பெரியவர்களுக்கு அந்தப் புகை இன்னும் ஞாபகம். வந்தவர்கள் பலகையில் என்ன பெயர் என்று பார்த்துக்கொண்டு வரவில்லை, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கட்டடம் சிங்களவருடையது, கடை மட்டும் தமிழருடையது என்றால் சாமானை மட்டும் ரோட்டுக்கு எடுத்து எரித்த இடங்களும் உண்டு. எந்தப் பெயர்ப்பலகை அவர்களைக் காப்பாற்றியிருக்கும்?

அடுத்தது அம்பாறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹோட்டல் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பாடம் நமக்குத் தெரிந்து இல்லை.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் ஹோட்டல். சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் ஏதோ வெள்ளைக் கட்டி இருக்கிறது என்று சத்தம் போடுகிறார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்கிறார்கள். இந்தக் கதை அன்றிரவு முளைத்ததல்ல. முஸ்லிம் மருந்துக்காரரிடம் 23,000 கருத்தடை மாத்திரை பிடிபட்டது என்ற பொய் அதற்கு முன்பே போனுக்குப் போன் பரவியிருந்தது. கூட்டம் கெஷியரைச் சூழ்ந்துகொண்டு, போட்டாயா, போட்டாயா என்று கேட்கிறது. அவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. மாவைப் பற்றிக் கேட்கிறார்களோ என்னவோ என்று, பயத்தில், அரைகுறைச் சிங்களத்தில் ஆமாம் என்று அர்த்தம் வரும்படி ஏதோ சொல்லிவிடுகிறார். ஒருவர் அதைப் படம் பிடிக்கிறார். அதோடு கடை நொறுங்கியது, கிட்டவிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அந்த வீடியோ வாக்குமூலம் என்ற பெயரில் நாடு முழுக்கச் சுற்றியது. ஒரு வாரத்தில் திகன, தெல்தெனிய எரிந்தன. மார்ச் 7இல் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகு வந்தது. கட்டி என்பது மாவுப் பொருள், வேறொன்றும் இல்லை. நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று உலகத்திலேயே ஒன்று கிடையாது என்று டாக்டர்மாரும் சொன்னார்கள். வன்முறை பரவியதில் தங்கள் தளத்துக்கும் பங்கு இருந்திருக்கக்கூடும் என்று 2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அந்த பேஸ்புக்கில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

நம் இடத்தில் அந்த மார்ச் எப்படி இருந்தது? இங்கே ஒரு கண்ணாடியும் உடையவில்லை. ஆனால் மருதானை ஸ்டேஷனில் இறங்கி மத்தியானப் பார்சல் எடுத்துக்கொண்டு போகிற கந்தோர் ஆட்கள் சில கிழமைகள் நம் தெருவைத் தாண்டிப் போனார்கள். சண்டை இல்லை, ஏச்சுப் பேச்சு இல்லை, வராமல் விட்டார்கள், அவ்வளவுதான். அம்பாறைக் கடைக்கும் நம் தெருக் கடைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலாளி வேறு, பெயர் வேறு, சமையல்காரர் வேறு, இடையில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம். அம்பாறையில் மாக் கட்டி, மருதானையில் சோறு மிச்சம். ஒரே பெயரில் இருக்கும் பர்கர்க் கடைகளுக்கு நடப்பது, ஒரே பெயரில் இல்லாத நம் கடைகளுக்கு நடந்தது.

2019இல் ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் கடைகள் எரிந்தன. முஸ்லிம் கடையில் வாங்காதே, சாப்பிடாதே என்று பகிரங்கமாகவே சொன்னார்கள். நானா தன் இரண்டு கடையில் ஒன்றின் பெயரை மாற்றியது அந்த நோன்பு மாதத்தில்தான். அரபுப் பெயரை எடுத்துவிட்டு, யாருடையது என்று தெரியாத ஒரு இங்கிலீஷ் பெயர் போட்டார். ஆட்கள் திரும்பி வந்தது பெயர் மாறியதாலா, நாள் போனதாலா என்று கேட்டோம். பெயர் மாற்றாத மற்றக் கடைக்கும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் ஆட்கள் வந்தார்கள் என்று அவரே சொன்னார்.

நமக்கு விளங்குவது இதுதான். நாம் ஏற்கெனவே ஒரு சங்கிலிக் கடை. ஆயிரம் முதலாளிமார், ஆயிரம் பலகை, ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே கடை. ஒரே பெயரின் கெடுதி முழுவதும் நம் தலையில் இருக்கிறது, ஒரே பெயரின் நன்மை ஒன்றும் நம்மிடம் இல்லை. ஜாக் இன் த பொக்ஸ் நிறுவனம் அந்த அடிக்குப் பிறகு தன் சமையலறைகளை எல்லாம் ஒரேயடியாக மாற்றியது. இறைச்சி வாங்குமிடத்திலிருந்து தட்டு வரைக்கும் எங்கே பழுது வரலாம் என்று கட்டம் கட்டமாகச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்தக் கடை இன்றும் இருக்கிறது. ஒரு தலைமை இருந்தபடியால் அது நடந்தது. நம்மில் ஒருவர் எண்ணெயைக் கறுக்கக் கறுக்கப் பாவித்தால் பக்கத்துக் கடைக்காரர் அவரிடம் ஏதும் சொல்ல முடியுமா? 2024 ஏப்ரலில் புதுக்கடையில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா கேட்டு மிரட்டிய வீடியோ வந்து ஒருவர் கைதானாரே. புதுக்கடை முழுவதும் கள்ள விலை என்றுதான் பேசினார்கள். நியாய விலைக்கு விற்ற அடுத்த தட்டுக்காரர் என்ன செய்வார், பாவம்.

சரி, ஒரே கை கடைகளை நடத்தினால் வரும் நன்மை நம் ஊரில் தெரிந்த காலமும் உண்டு. ஆபத்து எப்போதும் கல்லும் நெருப்புமாக வருவதில்லை. 1970களில் அரிசித் தட்டுப்பாட்டின்போது வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டலில் சோறு பரிமாறக் கூடாது என்று சட்டம் இருந்தது. சோற்றுக் கடையில் சோறு கூடாது! பாணுக்கும் விடியற்காலை வரிசை. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. 2022க்குப் பிறகு கொஞ்சம் நம்புகிறார்கள்.

2022 நமக்கு மறக்காது. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. இது வீட்டுச் சிலிண்டர் விலை. காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை என்பது வேறு கதை. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கோழியை எத்தனை பேர் தூக்கி வீசினார்கள்! செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கியதற்குக் கிட்டத்தட்ட 195 ரூபா. கொத்து விலையை அப்படி ஏற்றினால் யார் சாப்பிடுவது?

அந்த வருடம் நம் தெருவில் ஒற்றைக் கடை வைத்திருந்த இரண்டு பேர் மூடினார்கள். ஒருவர் இன்னும் திறக்கவில்லை, கட்டாரில் இருக்கிறார். நானா என்ன செய்தார்? ஒரு கடையை ஐந்து மாதம் பூட்டிவிட்டு, அதிலிருந்த சிலிண்டர், அரிசி, வேலைக்காரப் பொடியன்மார் எல்லாரையும் மற்றக் கடைக்குக் கொண்டுவந்தார். பின்பக்கம் விறகு அடுப்புப் போட்டார். ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இரண்டு கடையும் ஒரு கை என்பதால்தான் அது முடிந்தது. பெயர் வேறாக இருந்தபடியால் பூட்டிய கடையின் வாடிக்கையாளர்கள் திறந்திருந்த கடையைத் தேடி வரவில்லை. அதே முதலாளி, அதே புரியாணி என்று அவர்களுக்கு யார் சொல்வது? மகன்மார் வாப்பாவோடு வாதாடுவது இந்த இடத்தில் வைத்துத்தான். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெயருக்கு ஒரு விலை உண்டு என்பதை நம் ஆட்கள் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். கொழும்பில் படித்த ஏ.எம். புஹாரி 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் புஹாரி ஹோட்டலைத் திறந்தார். 1965இல் அங்கே உண்டானதாகச் சொல்லப்படும் சிக்கன் 65ஐ இன்று தெருவுக்குத் தெரு எல்லோரும் பொரிக்கிறார்கள். பண்டத்தின் பெயர் கையைவிட்டுப் போனது, கடையின் பெயர் மட்டும் வீட்டில் நின்றது. இங்கே காலி வீதியில் சீஸ் கொத்துக்குப் பெயர்போன பிலாவூஸ் என்ற பெயரை எத்தனை பலகையில், எத்தனை முன்னொட்டோடு பார்த்திருக்கிறோம். எது முதல் கடை என்று தெரியாமல் சாப்பிட்டவர்களில் நாமும் ஒருவர்.

வியாபாரக் குறியைப் பதிவு செய்யும் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில், கொழும்பு 10இல். நடந்து போகிற தூரம். ஒருமுறை பதிந்தால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நம் தெருவில் எத்தனை பேர் அந்தப் படி ஏறியிருக்கிறார்கள் என்று விசாரித்தோம். ஒருவரும் இல்லை.

காப்புறுதியும் அப்படித்தான். தீக்கு மட்டும் காப்புறுதி எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் எடுத்தாயிற்று என்று இருக்கிறார்கள். கலவரத்தில் கடை எரிந்தால் அந்தப் பத்திரம் போதாது. வேலைநிறுத்தம், கலவரம், குழப்பம், பயங்கரவாதம் என்ற பகுதியை மேலதிகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 1983க்குப் பிறகு அதற்கென்றே அரசாங்கம் ஒரு நிதியம் வைத்தது. இன்று அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இருக்கிறது. 1915இல் இதெல்லாம் இல்லை. கலவரம் முடிந்த பின் தனிச் சட்டம் போட்டு, அந்தந்தப் பகுதிச் சிங்கள மக்களிடம் வசூலித்து நட்டஈடு கொடுத்தார்கள். அந்த வசூலே இன்னொரு மனக்கசப்பாக நின்றது. பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இங்கிலீஷில் இருந்தால் நம்மிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

நேற்று அஸருக்குப் பிறகு நானாவின் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னோம். மகன்மாரும் இருந்தார்கள். நம் அபிப்பிராயம் ஒரே பெயர்தான், ஆனால் பலகைக்கு முன் சமையலறை என்றோம். மூன்று கடைக்கும் ஒரே அளவு சுத்தம், பில் இல்லாமல் ஒரு பிளேன் டீகூட வெளியே போகக் கூடாது, பீ.எச்.ஐ. வருமுன் நாமே வாராவாரம் பார்க்க வேண்டும். அது முடியாதென்றால் பெயரைப் பிரித்தே வையுங்கள் என்றும் சொன்னோம். பெரிய மகன் சிரித்தான். சின்னவன் போனில் ஏதோ குறித்துக்கொண்டான்.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்பாறைக் கதையைத் திரும்ப ஒருமுறை கேட்டார். அந்தக் கெஷியருக்கு எத்தனை வயது, எந்த ஊர், பிறகு என்ன ஆனார் என்றார். பிறகு தன் காசு மேசையில் இருந்த பொடியனைப் பார்த்தார். வாழைச்சேனைப் பொடியன், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"சேர், உங்கட ஸ்கூல்ல சிங்களம் படிப்பிக்கிற மிஸ் ஒராள் பின்னேரம் வகுப்பு வைக்கிறாண்டு சொன்னீங்களே. மாசத்துக்கு எவ்வளவு எடுக்கிறா?"

செவ்வாய், வியாழன் இரண்டு நாள் என்று சொல்லியிருக்கிறோம். அதே வகுப்புக்கு இன்னும் நாலைந்து பேரைச் சேர்க்கலாம். கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.